பருத்தி மட்டும்

ஏழாயிரம்பண்ணை
5.2.2024

அன்புள்ள மச்சானுக்கு,

செல்வி எழுதிக்கொள்வது. எனக்கும் அக்கா வீட்டில் எல்லாருக்கும் சுகம்தான். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன மாதம் மனுப் போட்டுப் பார்க்க வந்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னீர்கள். சுற்றிலும் இருபது பேர் கத்தியதில் உங்கள் வாய் அசைந்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. போனில் பேசினாலும் உங்கள் பின்னால் ஆள் நிற்கிறார் என்ற நினைப்பில் வார்த்தை வருவதில்லை. தீர்ப்பாகி ஆறு மாதத்தில் நாம் உருப்படியாகப் பேசவே இல்லை. அதனால் இனி எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சேதி. நான் இப்போது கம்பெனி வேனில் போவதில்லை. டீசல் வாடை குமட்டுகிறது. அக்கா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் சும்மா நின்றது. டியூப் மாற்றி எடுத்துக்கொண்டேன். பதினோரு கிலோமீட்டர். விடிகிற நேரத்தில் கிளம்பினால் கேட் திறக்கும்போது போய்ச் சேர்ந்துவிடலாம்.

நேற்று முன்தினம் பாலத்து ஏற்றத்தில் மெலிந்த டயர் சைக்கிள்களில் ஆறு பேர் போனார்கள். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டை, தலையில் முட்டை ஓடு மாதிரி தொப்பி. அதில் ஒருவர் பெண். நான் சேலைக்கு மேல் உங்கள் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தூக்குவாளியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போய்விட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. மணியாகிவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மாரிசெல்வி

•

மத்திய சிறை
16.2.2024

செல்விக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததே பாதி சுகம். முதுகுவலி குறைந்திருக்கிறது. இங்கே கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உன்னுடையதைக் கொடுக்கும்போது, "ஏற்றத்துல தாண்டிட்டாகளாமே" என்று சிரித்தார். இனி எழுதும்போது அவரும் படிப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

டீசல் வாடை உனக்கு என்றைக்கும் குமட்டியதில்லை. நம் கல்யாணத்துக்கு மறுநாள் லாரியில் திருச்செந்தூர் போனோமே, வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தவள் நீ. சரி, நான் கேட்கவில்லை.

எனக்கு ஓர் உதவி செய். நீ போகிற சாலையை இடம் இடமாக எழுது. சாயங்காலம் எங்களை வராந்தாவில் நடக்க விடுகிறார்கள். நாற்பது நிமிஷம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தால், நீ சொன்ன பாலம் வருகிறது. அதற்கு மேல் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அங்கேயே நின்றுவிடுகிறேன்.

பொன்மணி வீட்டு ஆட்கள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போ. அந்த வெடி விபத்தில் அவளும் இன்னும் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பட்டாசு ஷெட்டுக்குப் போர்மேன் நான். மூன்று வருஷம் எனக்கு விதித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் உன்னை எது சொன்னாலும் பதில் பேசாதே.

சேலை முந்தானையைச் சக்கரத்தில் விடாமல் செருகிக்கொள்.

உன்,
முனியராஜ்

•

ஏழாயிரம்பண்ணை
3.3.2024

அன்புள்ள மச்சான்,

அக்காவுக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. அதனால்தான் பதில் தாமதம். நீங்கள் கேட்ட சாலையை எழுதுகிறேன். மெதுவாக நடந்து வாருங்கள்.

பாலம் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் காய்ந்த பருத்திமார்க் குச்சி மட்டும் நிற்கிறது. அங்கங்கே எடுக்காமல் விட்ட பஞ்சு, விடியலில் வெள்ளைப் பூச்சி மாதிரி தெரியும். மாசி மூட்டம் இன்னும் இருக்கிறது. முன்னால் பத்தடிதான் சாலை, பின்னால் பத்தடிதான் சாலை. மிதிக்க மிதிக்க, நான் நகர்கிறேனா, அல்லது யாரோ எனக்கு அடியில் பூமியை இழுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். அப்புறம் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு வேப்பமரம் வரும், அதன் பின்னால் ஒரு யூனிட் ஷெட்டு, மறுபடி மரம், மறுபடி ஷெட்டு. யாரும் வேலைக்கு வருமுன் அவை ஆடு படுத்துக் கிடப்பது போல அமைதியாகக் கிடக்கின்றன.

அந்தச் சைக்கிள்காரப் பெண்ணோடு பழக்கமாகிவிட்டது. பெயர் பாண்டிமீனா. விருதுநகரில் ஒரு பேங்கில் வேலை. என் பக்கத்தில் வந்து, "அக்கா, எம்புட்டு வருசமா ஓட்டுதீக?" என்று கேட்டார். ஒரு மாசம் என்றேன். நம்பவில்லை.

அவர்களுக்குள் உடுப்புக்கு அம்புட்டு விதிகள் இருக்கின்றன, மச்சான். கால்சட்டை கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். காலுறை கணுக்காலுக்கு மேல் நாலு விரல். ஏறினாலும் இறங்கினாலும் கேலிதான். கண்ணாடிக் கம்பி, தொப்பி வாருக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஓட்டி முடிக்காத ஓட்டத்தின் சட்டையை வாங்கிப் போடக் கூடாது, அது பொய் சொல்வதற்குச் சமமாம். அந்தக் கால்சட்டைக்கு உள்ளே போடுவது பற்றியும் ஒரு விதி இருக்கிறது. அதிகாரி படிப்பார் என்பதால் எழுதவில்லை.

யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். "யாரும் போடலக்கா. எங்கயும் எழுதியும் வைக்கல. ஆனா மீறினா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றார். நமக்குக் கேட்டிலேயே போர்டு இருக்கிறது, பருத்தி மட்டும் என்று. அதற்கு மேல் ஆம்பளைச் சட்டை போடச் சொல்லி எந்தப் போர்டிலும் இல்லை, ஆனாலும் போடாத பொம்பளையை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு வரச் சொல்கிறார். சேலையில் அந்த சைக்கிளை ஓட்ட முடியாதாம். என்ன சொல்லட்டும்?

உங்கள் செல்வி

•

மத்திய சிறை
14.3.2024

செல்வி,

அக்காவுக்கு உடம்பு தேறியதா? கஷாயம் வைத்துக் கொடு.

உன் கடிதத்தை ஏழெட்டு முறை படித்தேன். வராந்தாவில் இப்போது மூட்டம் இருக்கிறது. பக்கத்து அறை ஒச்சப்பன் அண்ணன், எழுதப்படிக்கத் தெரியாதவர், சத்தமாகப் படிக்கச் சொன்னார். நாலு விரல் காலுறை என்ற இடத்தில் அவர் தன் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலை அளந்து பார்த்தார். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

போ. பேன்ட் போடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊர் ஏதாவது சொன்னால், புருஷன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு. எனக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுது. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைக்கூட விடாதே.

முனியராஜ்

•

ஏழாயிரம்பண்ணை
2.4.2024

அன்புள்ள மச்சான்,

எல்லாரும் நலம். அக்கா இப்போது நடமாடுகிறாள். எனக்குத் தொடைதான் வலிக்கிறது, அதுவும் நல்ல வலி.

போய்விட்டு வந்துவிட்டேன். நாற்பது கிலோமீட்டர். பாண்டிமீனா தன் பழைய சைக்கிளைக் கொடுத்தார். முழுநீளப் பருத்திப் பேன்ட், உங்கள் சட்டை. யாரும் கேலி செய்யவில்லை. வெயில் இடது பக்கத்திலிருந்து வந்தது. வெம்பக்கோட்டை அணைத் தண்ணீர் தெரிகிற இடத்தில் எல்லாரும் மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். சக்கரங்கள் தாமாக உருள, அந்தக் கிரிகிரி சத்தம் மட்டும் தட்டான் கூட்டம் போல எங்களோடு வந்தது. தண்ணீருக்கு மேல் சைக்கிள் போனால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. எனக்கு எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதெல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மறந்துபோனது.

முடிந்ததும் கூட்டத்துக்குத் தலைவர் ஊர்க்காவலன், சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறவர், எல்லாரையும் நிற்கவைத்து எனக்கு அவர்கள் குழுவின் மஞ்சள் சட்டையைக் கொடுத்தார். ஓட்டி முடித்ததால் போடலாமாம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். எடையே இல்லை, மச்சான். வழுவழுவென்று தண்ணீரை உடுத்தியது போல. கழற்றும்போது படபடவென்று பொரிந்தது. கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறும் போகிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

செல்வி

•

மத்திய சிறை
29.4.2024

மாரிசெல்விக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

அந்த மஞ்சள் சட்டையைப் போட வேண்டாம். திருப்பிக் கொடுத்துவிடு.

முனியராஜ்

•

ஏழாயிரம்பண்ணை
27.5.2024

மச்சானுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

நாலு வாரம் காத்திருந்து எனக்குக் கிடைத்தது இரண்டு வரி. அதற்குப் பதில் எழுத எனக்கும் நாலு வாரம் ஆனது. பேன்ட் போடு என்று எழுதியவர் நீங்கள்தான். அப்புறம் அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? பொண்டாட்டி ஒட்டுச் சட்டை போட்டுக்கொண்டு ஆம்பளைகளோடு ஓடுகிறாள் என்று?

இப்போது நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். டீசல் வாடை பொய். தீர்ப்பு வந்த பிறகு வேனில் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இடம் இல்லாவிட்டால் நின்றுகொண்டு வருவார்கள், அந்த ஒரு சீட்டு காலியாக இருக்கும். பொன்மணியின் மாமியார் வேலுத்தாய் முன்சீட்டில் உட்கார்ந்து, "எம் மருமக கை தவறிட்டா, அவ பாவி, மூணு உசுரு போச்சு. இவ புருசன் என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னான்?" என்று தினமும் சொல்வார். செத்தவளுக்கும் திட்டு, எனக்கும் திட்டு. ஐந்து மாதம் கேட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் நான் போர்மேன் பொண்டாட்டி இல்லை. அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போடவும் இல்லை. பெட்டியில் இருக்கிறது. ஏன் என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறேன்.

செல்வி

•

மத்திய சிறை
8.6.2024

என் செல்விக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. நீ எந்த உடுப்பில் யாரோடு ஓடினாலும் எனக்குப் பெருமைதான். கழற்றும்போது பொரிந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

பொன்மணி அன்று பருத்தி கட்டி வரவில்லை. புதுச் சேலை, நைலக்ஸ். ரோஸ் நிறம். நேரமாகிவிட்டதென்று ஓடி வந்தாள். வாசலில் நின்றிருந்தவன் நான். நடக்கும்போதே அது காலோடு ஒட்டிப் பொரிகிற சத்தம் என் காதில் விழுந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வர அவளுக்கு அரை நாள் ஆகும், அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, உள்ளே விட்டுவிட்டேன். நான் லோடு பார்க்க ஐம்பதடி போயிருப்பேன். ஆனி மாதம், காய்ந்த காற்று. மருந்துக்குப் பக்கத்தில் சேலையிலிருந்து ஒரு பொறி போதும். அவ்வளவுதான்.

கோர்ட்டில், எல்லாரும் பருத்திதான் உடுத்தியிருந்தார்கள், நான் பார்த்துத்தான் அனுப்பினேன் என்று சொன்னேன். கம்பெனி வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார். அப்படியானால் அவள் கைதான் தவறியிருக்கும் என்று ஆகிவிட்டது. தண்டனை எப்படியும் வந்தது. பொய் மட்டும் மிச்சம். அவள் மாமியார் அதை வேனில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

இதை அதிகாரி படிப்பார். அப்பீல் நிலுவையில் இருக்கிறது என்பதும் தெரியும். படிக்கட்டும்.

பொன்மணிக்கு அம்மா இருக்கிறார், கருப்பம்மாள். ஆலங்குளம் பக்கம். நான் வெளியே வர இன்னும் இரண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் அந்த அம்மா மகளைப் பற்றி அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. உன்னால் முடியுமா? முடியாதென்றாலும் உன்மேல் எனக்குக் கோபம் வராது.

சட்டையைப் போட்டுக்கொள். சாலையில் வெறும் காற்றுதான். எனக்குத்தான் புத்தி அந்த வாசலிலேயே நிற்கிறது.

முனியராஜ்

•

ஏழாயிரம்பண்ணை
9.7.2024

மச்சான்,

நான் நலம். நீங்கள் தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதத்தை மூன்று வாரம் மடியிலேயே வைத்திருந்தேன். வக்கீலிடம் காட்டவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. உங்கள்மேல் கோபப்பட்டேன், அப்புறம் அழுதேன், அப்புறம் ஒருநாள் காலையில் பாலத்து ஏற்றத்தில் மிதிக்கும்போது, போகத்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். துக்கம் நடந்த வீட்டுக்கு மஞ்சள் சட்டையில் போகக் கூடாது. பருத்திச் சேலையும் அதன்மேல் சட்டையுமாக அக்கா மகள் சைக்கிளிலேயே போனேன். பாண்டிமீனாவிடம், ஆலங்குளத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தேன். அவர் அன்று கறுப்புக் கால்சட்டை போடாமல் வெளுத்த பருத்திச் சுடிதாரில் வந்து நின்றார். நான் சொல்லவில்லை. வழியெல்லாம் என் வேகத்துக்கே பின்னால் வந்தார். எதிர்க்காற்று. மேகம் மேற்கே மலைமேல் படுத்திருந்தது. சிமெண்ட் ஆலைப் புகைபோக்கி தெரிந்தும் அது கிட்டேயே வரவில்லை. கனவில் நடப்போமே, அப்படி. வராமலே இருந்தால்கூட நல்லது என்று நினைத்தேன்.

பாண்டிமீனா தெருமுனையில் நின்றுகொண்டார். கருப்பம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார், கோர்ட்டில் பார்த்திருக்கிறார். வெளியே போ என்று சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். சுவரில் பொன்மணி படம் மாலையோடு இருந்தது. ரோஸ் நிறச் சேலை. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து, "அது நான் எடுத்துக் குடுத்தது. அதைக் கட்டி ஒரு போட்டோ எடுத்தா. மறுநா அதைக் கட்டிக்கிட்டுத்தான் வேலைக்குப் போனா" என்றார்.

மச்சான், உங்களுக்கு அது தெரிந்திருக்காது.  திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பிறகு சேலைப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு, "பெரியம்மா, பொன்மணி கை தவறல. எங்க வீட்டுக்காரரு வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்பியிருக்கணும், அனுப்பல. கோர்ட்டுல பொய் சொல்லிட்டாரு" என்றேன்.

ஏன் அனுப்பணும் என்று அவர் கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. படத்தின் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்: "முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசுலயும் பட்டாசு ஆபீசுலயும் கெடந்தவ நான். பருத்திதான் கட்டணும்னு எனக்குத் தெரியாதா? பளபளன்னு இருந்துச்சு, ஆசையில எடுத்துட்டேன். வேலைக்குக் கட்டிட்டுப் போயிராதடின்னு ஒரு வார்த்த சொல்லல. ஒம் புருசன் மட்டுந்தான் சொமக்கான்னு நெனச்சியா?"

நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை அவர்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார். அவள் கை தவறவில்லை என்பதை வேனில் சொல்ல வேண்டும்.

செல்வி

•

ஏழாயிரம்பண்ணை
25.7.2024

மச்சான்,

சுகம். மழை இரண்டு தூறல் போட்டது.

வேனில் ஏறிச் சொல்லிவிட்டேன். எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கை தவறவில்லை என்பதையும், நைலக்ஸ் சேலை என்று தெரிந்தே நீங்கள் உள்ளே விட்டதையும், கோர்ட்டில் சொன்னது பொய் என்பதையும். கருப்பம்மாள் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.  யாரோ பின்னாலிருந்து, அப்படியென்றால் அவன் இன்னும் இரண்டு வருஷம் கிடக்கட்டும் என்றார்கள். சரிதான் என்றேன். வேலுத்தாய் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு மட்டும் அதன்பின் வேனில் இல்லை என்கிறார்கள். நான் சைக்கிளில்தான் போகிறேன். இப்போது பிடித்திருக்கிறது, அதனால்.

அடுத்த மனுவுக்குக் கருப்பம்மாள் என்னோடு வருகிறார். அவராகக் கேட்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. நான் எட்டி நின்றுகொள்கிறேன்.

செல்வி

•

மத்திய சிறை
14.8.2024

செல்வி,

நான் நலம், உண்மையிலேயே. அப்பீல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோர்ட்டில் பொய் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம், ஒருவேளை கொஞ்சம் கூடலாம். நீ ஏச வேண்டுமென்றால் ஏசு.

மனுவுக்கு வந்த அன்று நீ சுவரோரம் போய் நின்றுவிட்டதால் உனக்கு எதுவும் கேட்டிருக்காது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த அம்மா முதல் பத்து நிமிஷம் பேசவே இல்லை. சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். வார்டன் நேரமாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் கம்பி ஓரம் முகத்தைக் கொண்டுவந்தார்.

"அன்னைக்கு ஒங்கிட்ட அவ என்ன சொன்னா?" என்று கேட்டார்.

இதை நான் உனக்குக்கூட எழுதவில்லை, செல்வி. யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். "'அண்ணே, இந்தக் கலரு எனக்கு எடுப்பா இருக்கா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"எடுப்பாத்தான் இருக்கு தாயி, உள்ள போன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பின்னால் எதையோ பார்ப்பது போல் பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"இருந்துச்சுல்ல" என்றார்.

அப்புறம் மணி அடித்துவிட்டார்கள்.

உன்,
முனியராஜ்